வளையும் திசை

வீட்டுக் கூடத்தில், போர்வைக்கு வெளியே வந்திருந்த கணவரின் பாதத்தை மூடிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"பீம் வரவே இல்ல மேடம்," என்றான் புது இன்ஜினியர்.

கணவர் இறந்து நான்கு மணி நேரமாகியிருந்தது. இருவரும் ஒரே மருத்துவமனையில் சைக்ளோட்ரானை இயக்கியவர்கள். அந்த இயந்திரத்துக்குள் ஹைட்ரஜன் அயனிகளை மின்புலம் சுற்றுக்குச் சுற்று உந்தித் தள்ளும். காந்தப்புலம் வட்டமாக வளைக்கும். வேகம் கூடக்கூட வட்டம் பெரிதாகும். கடைசி வட்டத்தில் மெல்லிய கரித்தகடு ஒன்று நிற்கும். அதைத் தாண்டி வெளியே வரும் கற்றைதான் பீம்; அதில்தான் ஸ்கேன் மருந்து உருவாகும். இன்று ஒன்பது நோயாளிகள் வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள்.

"நேத்து மேக்னட்டுக்குப் புது பவர் சப்ளை மாட்டினியே, ப்ளஸ் மைனஸ் பாத்தியா?"

"சார் ஒட்டின லேபிள்படிதான் மாட்டினேன். இடது கை விதியும் போட்டுப் பாத்தேன். சரியா வருது."

"எதுக்குப் போட்டே?"

"புரோட்டானுக்கு."

"உள்ள சுத்தறது மைனஸ் ஹைட்ரஜன், தம்பி. தகட்டுல ரெண்டு எலக்ட்ரானையும் பறிகொடுத்தப்புறம்தான் புரோட்டான். அப்பதான் எதிர்ப்பக்கம் வளைஞ்சு வெளிய வரும். நீ கொடுத்த திசைல அது தகட்டுக்கே போகாது."



"அப்போ சாரோட லேபிள்? சார் தப்பு பண்ண மாட்டாரே மேடம். வேற கோளாறா இருக்கும். நாளைக்குப் பாத்துக்கலாமா?"

போன மாதம், சிகிச்சைக்கு நடுவே ஒருநாள் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் ஒட்டிய லேபிள்கள். டேப்பை அவள்தான் வெட்டிக் கொடுத்தாள்.

"தப்புதான்," என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "அவர் மாத்தி ஒட்டிட்டார். கரண்ட்டை முழுசா நிறுத்திப் பூட்டிட்டு, ரெண்டு கேபிளையும் மாத்து. நான் லைன்லயே இருக்கேன்."

தலைமாட்டில் இருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். "போனவன் தலைல ஏம்மா பழியப் போடற? சமையக்கட்டு டப்பாக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினவன் அவன்."

"உப்புக்குச் சர்க்கரைன்னு ஒட்டினதும் அவர்தான் அண்ணி. உங்க காபிலதானே தெரிஞ்சது."

நாத்தனாரின் உதடு கோணியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

நாற்பது நிமிடம் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. யாரோ நீட்டிய தண்ணீரைத் தலையசைத்து மறுத்தாள். பிறகு அவன் குரல் வந்தது.

"தகட்டுல பத்து மைக்ரோஆம்ப். இருபது. நாப்பது. வெளிய வருது மேடம்."

"இலக்குல விழுதா?"

"விழுது. பதிவேட்டுல காரணம் என்ன எழுதட்டும்?"

"லேபிள் தப்புன்னு எழுது. ஒட்டினவர் பேரையும் போடு."

"மேடம்..."

"அவர் இருந்தா அவரே எழுதியிருப்பார். ஒன்பது பேர்கிட்டயும் போய்ச் சொல்லு."

வாசலில் ஹாரன் அடித்தது. அவரை எடுத்துப்போகும் வண்டி வந்துவிட்டது, ஆனால் வீட்டுக் கார் வழியை மறித்து நின்றது. சாவி எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். அவர் கால் நீளத்துக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்த சீட். பெடல் எட்டவில்லை.

சீட்டை நகர்த்தவில்லை. விளிம்புக்கு நகர்ந்து, நுனிக்காலால் மிதித்து, காரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தாள்.