பகலில் வந்த ராணி

இரவில் விளக்குக் கொளுத்தினால் ஹெலிகொப்டர் வந்து சுடும் என்ற பயத்தில், அந்த வருஷம் குருநகரில் எங்கள் கோயில் கூத்தைப் பகலில் வைத்தார்கள். கிறிஸ்து வேதத்துக்காகத் தலை கொடுத்த இளவரசனின் கதை. அவனுடைய தாய் ராணியாக வேஷம் கட்டியவர் என் மனுசன் கனிசியஸ்.

வருஷக் கணக்காகச் சேவகனாக ஈட்டி பிடித்து நின்றவருக்கு, முதல் தடவையாகப் பாட்டுள்ள வேஷம். மகனின் தலையை மடியில் வைத்துப் பாடும் ஒப்பாரியைக் கடலிலும் பாடினார், கிணற்றடியிலும் பாடினார். அந்த நெடிய மனுசன் என் கலியாணச் சேலையைச் சுற்றிக்கொண்டு அழுதால் எனக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

"சனமும் உன்னைப் போலைச் சிரிச்சா, இனி மேடைப் பக்கம் போகமாட்டன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகம் வாடிப்போயிருந்தது.

பொழுதுபட முன்னம் முடிக்க வேண்டுமென்று, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் கதையைக் குறைத்தார். முதலில் போனது பபூன் வேஷம். "தலை வெட்டுற கதைக்குப் பகிடி என்னத்துக்கு?" என்றாராம். எப்போதும் பபூனாக வரும் பேதுரு அண்ணை, கோபத்தோடு சனத்துக்குள் உட்கார்ந்து வெற்றிலை சப்பிக்கொண்டிருந்தார்.

இரவில் பொன்னாய் மின்னும் கிரீடம் வெயிலில் வெறும் மட்டையாகத் தெரிந்தது. ராசா வாளை உருவ, சனம் கொல்லென்று சிரித்தது. சேவகன் வந்தான், அதற்கும் சிரிப்பு. நான் திரைக்குப் பின்னால் ஓடினேன். என் மனுசன் சேலையோடு வாங்குப் பலகையில் குந்தியிருந்தார்.

"நான் போகேல்லை" என்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது.

நேரே பேதுரு அண்ணையிடம் போனேன். "அண்ணை, கோபத்தைப் பிறகு வைச்சுக்கொள்ளலாம், எழும்புங்கோ. சனம் சிரிக்கிறதெண்டா உங்களைப் பாத்துச் சிரிக்கட்டும்."

வெற்றிலையைத் துப்பிவிட்டு, கட்டியிருந்த சாரத்தோடேயே மேடை ஏறினார்.

"ராசாவே, கிரீடத்திலை பிஸ்கட் பெட்டியின்ரை பேர் தெரியுது. கொஞ்சம் திருப்பிப் போடுங்கோ."

சனம் உருண்டது. அண்ணாவியார் தாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தார்.

"இப்ப எங்கடை ராணி வாறா. விடிய வலை இழுத்துப்போட்டு வந்தவ. மீசை வழிச்ச இடம் பச்சையாத் தெரியும். எல்லாரும் இப்பவே வடிவாச் சிரிச்சு முடியுங்கோ, பிறகு நேரமில்லை."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ராணி வந்தபோது ஒருவரிடமும் சிரிப்பு மிச்சமில்லை.

அவர் பாடத் தொடங்கினார். பேதுரு அண்ணை இறங்கிப் போகவில்லை. ராணியின் காலடியில் குந்தி, செத்த இளவரசனின் செருப்பை எடுத்துத் தன் சாரத்தால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பகிடிக்காரன் வாயே திறக்கவில்லை. மடியில் கிடப்பது மட்டையில் செய்த தலை என்று தெரிந்தும் அழுதேன். பக்கத்தில் எல்லாரும் அழுதார்கள்.

கூத்து முடிந்ததும் என் மனுசன் பூச்சு வழிய ஓடிவந்தார். "நீ அழுதனி. நான் மேடையிலை நிண்டு பாத்தனான்."

"என்ரை கலியாணச் சேலையிலை மை பட்டிட்டுது. அதுக்கு அழுதனான்."

விழுந்து விழுந்து சிரித்தார். சேலையைக்கூட மாற்றாமல், வீடுவரைக்கும் அந்த ஒப்பாரியைப் பாடிக்கொண்டு நடந்தார். ஒழுங்கை வழியெல்லாம் சனம் நின்று சிரித்தது. அவர் எல்லாருக்கும் கை காட்டிக்கொண்டு வந்தார்.