கீபோர்டு என்று சொன்ன ஸ்கேனர்

எங்கள் ஒரகடம் செல்போன் கம்பெனியில் எந்த கம்ப்யூட்டரிலும் பென்டிரைவ் வேலை செய்யாதபடி பூட்டுப் போட்டவன் நான்தான். ஈ, எறும்பு கூட நுழையாது என்று மேனேஜர் ரகுபதியிடம் பீற்றிக்கொண்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

2013 ஜூலையில் மூன்றாவது லைனில் பார்கோடு ஸ்கேனர் செத்துப்போனது. முறைப்படி எழுதிப்போட்டால் புதுசு வர மூன்று வாரம். லைன் நின்றாலோ மூன்று நிமிடத்தில் மேலிடத்திலிருந்து போன். எனவே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். படப்பையில் பழைய சாமான் கடையில் ஒன்றை வாங்கி, யாரிடமும் சொல்லாமல் மாட்டினேன். ஸ்கேனர் எப்போதுமே கம்ப்யூட்டரிடம் தன்னை கீபோர்டு என்றுதான் சொல்லிக்கொள்ளும். படித்த எண்களை விரலால் தட்டியது போல அனுப்பும். கம்ப்யூட்டரும் அப்படியே நம்பிவிடும். கேட்டில் எங்களிடம் கேட்கிற அடையாள அட்டையை அது கேட்பதில்லை.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்த லைன் கம்ப்யூட்டரில் போன்களைச் சோதிக்கிற டெஸ்டிங் அளவுகள் மொத்தமும் அழிந்துபோயின. லைன் நாலு மணி நேரம் நின்றது. கம்ப்யூட்டர் பதிவைத் திறந்தால், கீபோர்டிலிருந்து வந்த கட்டளை, மாரிசெல்வியின் லாகினில். அந்த லைனில் ஸ்கேன் செய்கிற, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் ஆறு பேரோடு ஒரே அறையில் இருந்தாள். அடுத்த மாதம் பெர்மனன்ட் ஆக வேண்டியவள்.

ஸ்கேனரைக் கழற்றி என் மேசையில் மாட்டிப் பார்த்தேன். நான் கையே வைக்கவில்லை, திரையில் எழுத்துகள் தானாக ஓடின. அதே கட்டளை, எவனோ முன்பே அதற்குள் ஏற்றிவைத்தது. கழற்றி என் பைக்குள் போட்டேன்.

விசாரணை அறையில் அவள் அழவில்லை. "நான் கீபோர்டைத் தொடவே இல்ல சார். அந்த அண்ணனைக் கேளுங்க, அவுகளுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினாள்.

ரகுபதி என் பக்கம் திரும்பினார். வேறு ஏதாவது காரணம் இருக்குமா என்று கேட்டார். நல்ல மனுஷன், நிஜமாகவே கேட்டார்.

"கீபோர்டுன்னுதான் சார் பதிவாகியிருக்கு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. தூ, இதெல்லாம் ஒரு சமாதானம்.

சாயங்காலம் வேலை போய் வெளியேறியவளின் பையைக் கேட்டில் கவிழ்த்துக் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, வல்லக்கோட்டை விபூதிப் பொட்டலம். பொட்டலத்தையும் பிரித்துப் பார்த்தார்கள். அவளுக்குப் பின்னால் நான். என் பைக்குள் அந்த ஸ்கேனர்.

செக்யூரிட்டி முனிரத்தினம் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"நீங்க இன்னாத்துக்கு சார் நிக்கிறீங்க? போங்க" என்றார்.

போனேன்.