ஏழே முக்கால் சங்கு

மில்லில் சங்கு ஊதுகிறவன் நான். பெயர் கலியமூர்த்தி. காலை ஐந்து மணிக்கு ஷிப்டு தொடங்க ஒரு சங்கு, ஏழே முக்காலுக்குச் சாப்பாட்டுச் சங்கு. எழுபத்தெட்டில் குருசுக்குப்பத்தில் எத்தனை பேர் கையில் கடிகாரம் இருந்தது? ஊரே என் சங்கை நம்பித்தான் உலை வைத்தது.

சூசைநாதனும் அதைத்தான் நம்பினான். மில்லில் ஆள் குறைத்தபோது வேலை போனவன், என் சிநேகிதன். மாரத்தான் ஓட்டத்தை இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை என்று அறிவிப்பு வந்திருந்தது. டிசம்பரில் தேர்வு. அதோடு அவனுக்கு வயது வரம்பும் முடிகிறது.

"என் ரெண்டு சங்குக்கும் நடுவுல அதே ரெண்டே முக்கால் மணிதாண்டா. மொத சங்குக்குக் கெளம்பு, ரெண்டாவது சங்குக்குள்ள மில்லு கேட்டத் தொட்டுடு. வேல ஒனக்குத்தான்" என்று சொல்லிக்கொடுத்த மகராசன் நானேதான்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று முழு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். கடலூர் சாலையில் போய்த் திரும்புவான். ஜனவரியில் திரும்பி வரும்போது, மில்லுக்கு வெகு தூரத்தில், நோணாங்குப்பம் பாலத்திலேயே அவனுக்கு ரெண்டாவது சங்கு கேட்டுவிட்டது. முகம் செத்துப்போய் வந்தான். "வாரத்துக்கு முப்பது கிலோமீட்டர் ஓடுறேன், பத்தல" என்றான். ஐம்பது ஆக்கினான். மழை, காய்ச்சல், பிள்ளைக்கு ஞானஸ்நானம், எதற்காகவும் ஒருநாள் விடவில்லை. முருங்கப்பாக்கம் வந்தபிறகுதான் சங்கு கேட்டது. எழுபது ஆக்கினான், முதலியார்பேட்டை. ஆகஸ்டில் தொண்ணூறு, பஸ் ஸ்டாண்டு.

"இன்னும் பத்து நிமிசந்தான் கலியா. வாரத்துக்கு நூத்திப்பத்து ஆக்கிட்டா டிசம்பருக்குள்ள வந்துடும்."

வந்திருக்கும். சத்தியமாக வந்திருக்கும்.

அந்த மாதக் கடைசியில் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டார். "சாப்பாட்டுச் சங்கப் பத்து நிமிசம் தள்ளி ஊது. வெளியில மூச்சு விட்டே, நீயும் வெளியிலதான்." ஆட்களிடம் தினமும் பத்து நிமிட உழைப்பைத் திருடுகிற வேலை. கட்டையில போறவன்! நான் மட்டும் என்ன யோக்கியன்? ஊதினேன்.

செப்டம்பர் முதல் வெள்ளி. சூசை கேட்டைத் தொட்டான், பிறகுதான் என் சங்கு கத்தியது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அவன் மனைவி ரோசா பணியாரம் சுட்டு எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். வெட்கங்கெட்டவன், அதையும் தின்றேன்.

"இனிமே ஏத்த வேணாம் கலியா. இந்தத் தொண்ணூறே போதும், காலு கெட்டுடப்போவுது" என்றான்.

வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நேரே யூனியனில் போய்க் கேட்பான், என் வேலை போய்விடும். விழுங்கிவிட்டேன். அக்டோபரிலும் நவம்பரிலும் சங்குக்கு முன்னால் கேட்டைத் தொட்டான். நானும் கை தட்டினேன்.

டிசம்பர் தேர்வில் அதிகாரியின் கடிகாரம் இரண்டு மணி ஐம்பத்து நான்கு நிமிடம் காட்டியது.

சாயந்திரம் மில் கேட்டுக்கு வந்தான். அழவில்லை.

"கலியா, ஒஞ் சங்கு சரியாத்தானே ஊதுச்சு?"

"சரியாத்தான் ஊதுனேன்."

"அப்ப என் காலுதான் மக்கர் பண்ணிடுச்சு. பாழாப்போன காலு!" தொடையில் ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். சூசை வரவில்லை. ஏழே முக்கால் ஆனது. பத்து நிமிடம் காத்திருந்து ஊதினேன்.