அக்கா கை நனைக்காத வீடு

என் அக்கா அன்புசெல்வியிடமிருந்து ஒரு சேதி வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும். 2006இல் அவள் மாநில உளவுத்துறையின் பொறுப்புத் தலைவி. அடுத்த மாதம் பதவி நிரந்தரமாகும் என்று பேச்சு. அதுவரை எந்தப் பெண்ணும் உட்காராத நாற்காலி அது.

நான் சிவராஜ். அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி. தொழில், தொழில் என்று நாற்பது வயதுவரை கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட மகாபுத்திசாலி.

சாமளாபுரத்தில் கல்குவாரி வைத்திருந்த லிங்கசாமியின் மகள் கோகிலவாணியைப் பார்க்கப் போனோம். சம்பந்தம் பிடித்தால்தான் எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைப்போம். எனக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இலையில் ஒப்புட்டு என்கிற போளி; நான் இரண்டாவதில் இருந்தேன். அக்கா உட்காரவே இல்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"ஒரு வாய் சாப்புடுங்க அம்மிணி," என்றார் லிங்கசாமி.

"வேண்டாங்க. வயிறு சரியில்லீங்க."

லிங்கசாமி அவளையே பார்த்தார். பிறகு என் இலையைப் பார்த்தார்.

காரில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பொண்ணு புடிக்கலீங்களாக்கா?"

"தங்கமான புள்ள கண்ணு."

"அப்பறம் ஒரு ஒப்புட்டுத் தின்னா உங்க கௌரவம் கொறஞ்சுருமா?"

அவள் கார்க் கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். 

மறுநாள் காலை அவள் போன் அடித்தது. லிங்கசாமி தலைமறைவு. அதன்பிறகுதான் என்னிடம் வாயைத் திறந்தாள். குவாரி வெடிகளை அவர் யாருக்கோ விற்றுக்கொண்டிருந்தாராம். வாங்குகிறவர்களோடு சேர்த்துப் பிடிக்க அந்த வாரம் வலை விரித்திருந்தார்கள். சம்பந்தம் வேண்டாம் என்று தடுத்தால் அவர் உஷாராகிவிடுவார் என்றுதான் அக்கா கூட வந்தாள். தான் பிடிக்கப்போகிறவன் வீட்டுச் சோறு மட்டும் அவளுக்கு இறங்கவில்லை. தம்பி ரசித்துச் சாப்பிடுகிறான், போலீஸ்கார அக்கா கை நனைக்கவில்லை என்றால் குற்றமுள்ள மனுசனுக்குப் புரியாதா?

"எங்காளு ஒரு ஏட்டுதான் சொல்லிக் குடுத்துட்டார்னு அவரப் புடிச்சு வெச்சு வெசாரிக்கறாங்க," என்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை பேசலீங்களே அக்கா. சும்மா இருங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்கு அந்த ஏட்டைவிட அக்காவின் நாற்காலிதான் பெரிதாக இருந்தது. அவள் காபியைக்கூடத் தொடாமல் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். கடைசியில் சென்னையில் டி.ஜி.பி.க்குப் போன் போட்டாள். "கசிஞ்சது என்னாலதாங்க சார். ஏட்டை விட்டுருங்க," என்று நடந்ததைச் சொன்னாள். மத்தியானத்துக்குள் பொறுப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. வெடி வாங்கியவர்கள் கடைசிவரை சிக்கவில்லை. அது அவளை இன்றுவரை அரிக்கிறது.

"வண்டிய எடு," என்றாள்.

சாமளாபுரத்து வீட்டு வாசலில் போலீஸ் நின்றது. அக்கம்பக்கத்தார் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. லிங்கசாமியின் மனைவி பொன்னாத்தாள் அழுது வீங்கிய முகத்தோடு எழுந்தார். அக்கா குழாயில் கை கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள்.

"பசிக்குதுங்க. நேத்து மிஞ்சுனது இருந்தாலும் போடுங்க."

கோகிலவாணி ஆறிப்போன ஒப்புட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அக்கா பிட்டு வாயில் போட்டதும் பொன்னாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு விம்மினார்.

சம்மதமா என்று என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கை கழுவிவிட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.