வளர்ந்த மேசையும் தேய்ந்த நாற்காலியும்

பன்னாட்டு உறவுகள் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னதும், மேசைக்காரர் இழைப்புளியை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்.

"படிச்சு முடிச்சா எங்க உக்காருவ?"

அவர் தச்சர். உலகத்தில் உள்ள அத்தனை உத்தியோகத்தையும் உட்காரும் இடத்தை வைத்துத்தான் எடை போடுவார். டாக்டர் என்றால் சுழல் நாற்காலி, நீதிபதி என்றால் முதுகு உயர்ந்தது, குமாஸ்தா என்றால் கை வைக்காதது. இந்தப் படிப்புக்கு எது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"பேச்சுவார்த்தை மேசையிலப்பா" என்றாள் மகள்.

அந்த ஒரு சொல்லில் அப்பா விழுந்துவிட்டார். நாற்காலி என்று மட்டும் அவள் சொல்லியிருந்தால் அன்றைக்கே படிப்புக்கு முழுக்குப் போடச் சொல்லியிருப்பார். நாற்காலி அவருடைய தம்பியின் சரக்கு.

"சரி, போ. ஆனா படிப்பு முடியறப்ப அந்த மேசை கிடைக்கலன்னா, நம்ம கடையில பில் போடற மேசை காலியா இருக்கு. மறுபேச்சு பேசாம வந்து உக்காந்துடணும்."

"கூடப்பொறந்தவரோடயே உறவு இல்லாத வீட்டுலேர்ந்து ஒருத்தி ஊரு உலகத்தோட உறவு படிக்கப் போறா" என்றாள் அம்மா, யாரிடமும் சொல்லாத மாதிரி. அன்றிலிருந்து வீட்டில் அவளுக்கு ஐநா என்று பெயர் விழுந்தது.

ஐநாவுக்கு அந்தப் பில் மேசையை நன்றாகத் தெரியும். அங்கே உட்கார்ந்தால் எதிரே ஒரு பலகைத் தடுப்பு தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

அந்தத் தடுப்பு வந்த கதை இது. பட்டறை ஒன்றுதான். அண்ணன் மேசை செய்தார், தம்பி நாற்காலி செய்தார். ஒரு நாள் யாரோ ஒரு வாடிக்கையாளர், "சாப்பிடும்போது முழங்கை இடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலி தாழ்வு என்றார் அண்ணன். மேசை உயரம் என்றார் தம்பி. "இதுவா உயரம்? இப்பப் பாரு" என்று அண்ணன் அடுத்த மேசையை ஒரு விரற்கடை உயர்த்தினார். "இதுவா தாழ்வு? நீ இப்பப் பாரு" என்று தம்பி அடுத்த நாற்காலியின் காலை ஒரு விரற்கடை அறுத்தார். பட்டறைக்கு நடுவே பலகை எழும்பியது. அதன் பிறகு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் பலகையிடம்தான் சொல்வார்கள்.

"பலகையே, பசை வாளிய எடுத்தவன எடுத்த எடத்துல வைக்கச் சொல்லு."

"பலகையே, பசை காஞ்சு போச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பில்லன்னு சொல்லிடு."

இரண்டு தரப்பையும் கேட்டுக் கேட்டுப் பாவம், அந்தப் பலகையே நடுவில் கொஞ்சம் வளைந்துவிட்டது.

இப்படியே மேசை வளர்ந்தது, நாற்காலி தேய்ந்தது. நல்ல மரம், நல்ல வேலைப்பாடு, அதனால் ஊரால் வாங்காமலும் இருக்க முடியவில்லை. வங்கி மேலாளர் தன் இருக்கையில் அமர்ந்தால் வந்தவர்களுக்கு அவருடைய நெற்றி மட்டும் தெரியும். ஒரு நெற்றியிடம் கடன் கேட்க யாருக்கும் வாய் வராததால் அந்தக் கிளை நல்ல லாபத்தில் ஓடியது. பள்ளிக்கூடத்தில் எட்டி எட்டி எழுதிய பிள்ளைகளுக்குக் கழுத்து நீண்டு, ஊர்க் கூடைப்பந்து அணியை அசைக்க ஆளில்லாமல் போனது. நம்பாதவர்கள் அந்தக் கோப்பைகளைப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மேசை மீதுதான் இருக்கின்றன, ஏணி வேண்டும்.

ஐநா வீட்டில் அப்பாவின் மேசை மட்டும் உண்டு. எல்லோரும் நின்றபடி சாப்பிட்டார்கள். சித்தப்பா வீட்டில் நாற்காலி மட்டும் உண்டு. எல்லோரும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் மேசையும் நாற்காலியும் ஒரே இடத்தில் இருந்து ஐநா பார்த்ததே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழகத்தில் ஒரு நாள் பேராசிரியை ஆயுதப் போட்டி பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு நாடு ஒன்று செய்ய, அடுத்த நாடு பதிலுக்கு ஒன்று செய்ய, எதற்காகத் தொடங்கினோம் என்பதே இருவருக்கும் மறந்துபோகும் என்று சொல்லிக் கரும்பலகையில் இரண்டு கோடுகள் இழுத்தார். ஆயுதக் கோடு மேலே போனது, நம்பிக்கைக் கோடு கீழே போனது. ஐநா குபீரென்று சிரித்துவிட்டாள்.

"என்னம்மா சிரிப்பு?"

"மன்னிச்சிடுங்க மேடம். அது எங்க கடை."

கடைசிப் பருவத்தில் செய்முறைத் தேர்வு வந்தது. வேதியியல் மாணவர்களுக்குத் துறையே அமிலம் கொடுத்துவிடும். இவர்களோ சண்டையைத் தாங்களே கொண்டுவர வேண்டும். துறையில் இருப்பு கிடையாது. உண்மையான இரு தரப்பை அழைத்துவந்து, பேராசிரியை முன்னால் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும். நன்றாகச் செய்கிறவருக்கு வெளிநாட்டில், அமைதிப் பேச்சுகளுக்கு ஏற்பாடு செய்யும் ஓர் அலுவலகத்தில் பயிற்சி வேலை. கோட்டைவிட்டால், ஐநாவைப் பொறுத்தவரை, பலகைத் தடுப்பு.

அப்பாவிடம் போனாள். "அவன் ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்" என்றார். சித்தப்பாவிடம் போனாள். "உங்கப்பா மொதல்ல ஒத்துக்கிட்டாரா? அப்ப நான் ரெண்டாவதா ஒத்துக்க மாட்டேன், கண்ணு." கடைசியில் இரண்டு கைபேசிகளை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். "சரி" என்று இரண்டு குரலும் ஒரே நேரத்தில் வந்தன.

படித்த படிப்பு முழுவதையும் அவள் அந்த அறையில் இறக்கினாள். இரண்டு கதவுள்ள அறை. ஒரே நேரத்தில் இருவரும் நுழையலாம். ஒரே அளவில் தண்ணீர் டம்ளர். எந்தப் பக்கமும் தலைமைப் பக்கம் ஆகாதபடி வட்ட மேசை. மேசைக்கு அப்பாவிடம் சொன்னாள், நாற்காலிகளுக்குச் சித்தப்பாவிடம் சொன்னாள். இரு தரப்புக்கும் சம மரியாதை. சண்டைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஏற்ற முதல் ஆர்டர் அது. இருவருமே, இந்த ஒரு தடவை எதிராளிக்குப் புத்தி வரவேண்டும் என்று, அதுவரை செய்யாத அளவுக்குச் செய்து அனுப்பினார்கள். சரக்கு அன்று காலைதான் நேராக அறைக்குள் இறங்கியது.

கதவுகள் திறந்தன. அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் காணாமல் போனார்கள்.

மேசைக்கு மேலே இரண்டு டம்ளர்கள் மட்டும் தெரிந்தன. எல்லாவற்றையும் சமன்படுத்திய ஐநா, மேசையை நாற்காலியோடு சேர்த்துவைத்து ஒரு முறை பார்க்காமல் விட்டுவிட்டாள்.

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை எழும்பி, டம்ளரைத் தடவித் தேடி, கிடைக்காமல் இறங்கியது. பேராசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். குறிப்பேட்டைத் திறந்து, "இரு தரப்பும் மௌனம்" என்று எழுதினார். இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்து, பெருமூச்சு விட்டு, "தரப்புகள் மேசையை விட்டு விலகிவிட்டன" என்று எழுதப் போனார்.

"விலகல மேடம்" என்றாள் ஐநா. அவளுக்கு ஏதோ கேட்டது. குனிந்து பார்த்தாள்.

மேலே பார்க்க வழியில்லாத இரண்டு பேரும் கீழே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கால் என்னடா இப்படி வீங்கியிருக்கு?"

"நின்னு நின்னு வேல பாக்கறேன்ல. உக்கார எங்க நேரம்?"

"நாற்காலி செய்யறவனுக்கு உக்கார நேரமில்லையாம். டாக்டர்கிட்ட போனியா?"

"போனேன். நாற்காலியில உக்காருன்னாரு. உக்காந்தேன், அவரு கண்ணுக்கு நான் தெரியல. அடுத்த ஆள் வாங்கன்னுட்டாரு."

அண்ணன் ஒரு நிமிஷம் முகத்தை இறுக்கி வைத்துப் பார்த்தார். முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். தம்பியும் சேர்ந்துகொண்டார். அந்தப் பெரிய மேசைக்கு அடியில் சிரிப்பு குகைக்குள் சிரித்த மாதிரி சுற்றிச் சுற்றி வந்தது.

"ஏண்ணே, இது மேசையா, மாடி வீடா?"

"நீ செஞ்சது நாற்காலியாடா? கால் வச்ச தட்டு."

"சரி, ஒரு விரக்கடை எறங்கேன்."

"நீ ஒரு விரக்கடை ஏறு, நான் எறங்கறேன்."

"ரெண்டு பேரும் சேந்தேதான். நீ எறக்கினியான்னு நான் எப்படி நம்பறது?"

"உன் வீட்டுக்காரிய அனுப்பி அளந்துக்கோ. உன் நாற்காலிய அளக்க என் வீட்டுக்காரி வருவா."

"அண்ணி அளந்தா சரியா இருக்கும்."

பேராசிரியை அதற்குள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தார். குறிப்பேட்டில் அடித்து எழுதினார்: "படிப்படியான ஆயுதக் குறைப்பு. பரஸ்பரச் சோதனை. அட!" அந்தக் கடைசிச் சொல்லைப் பல்கலைக்கழகம் பிறகு மதிப்பெண்ணாக மாற்றச் சிரமப்பட்டது என்று கேள்வி.

"மேடம், நாங்க எப்ப எழுந்துக்கலாம்?" என்று சித்தப்பா கேட்டார். "எங்களால தானா எழுந்துக்க முடியாது."

ஐநாவும் பேராசிரியையும் முதலில் அண்ணனை எழுப்பினார்கள். பிறகு மூவரும் சேர்ந்து இழுத்துத் தம்பியை வெளியே எடுத்தார்கள். அண்ணன்தான் அதிகமாக இழுத்தார்.

பட்டறையில் பலகைத் தடுப்பு இறங்கியது. அதை அறுத்து ஒரு சாப்பாட்டு மேசையும் அதற்கேற்ற நாற்காலிகளும் செய்தார்கள். பலகை வளைந்திருந்ததால் மேசையும் கொஞ்சம் வளைவுதான். குழம்பு எப்போதும் சித்தப்பா பக்கமே ஓடும். அவர் புகார் சொல்வதில்லை. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் நாள், ஐநா வீட்டாருக்கு வயிறு இரு மடங்கு கொண்டது. நின்று சாப்பிட்டதில் பாதி காலுக்குப் போயிருக்கிறது என்றாள் அம்மா. ஊரும் மெல்ல இயல்புக்கு வந்தது. வங்கி மேலாளரின் முகத்தைப் பார்த்த மக்கள் கடன் கேட்கத் தொடங்கினார்கள். கூடைப்பந்து அணி மட்டும் தோற்க ஆரம்பித்தது. அமைதிக்கு அது ஒரு விலை.

ஐநா வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது அப்பா ஓர் அளவுநாடா கொடுத்தார். சித்தப்பாவும் ஓர் அளவுநாடா கொடுத்தார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோடுகள் ஒன்றாக இருந்தன.

முதல் பேச்சுவார்த்தை. பேர் சொல்ல வேண்டாத இரண்டு நாடுகள், பெரிய மண்டபம். தூதர்கள் வருவதற்கு முன்னால் ஐநா ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்தின் முகம் தெரிகிறதா என்று பார்த்தாள். காவலர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல், அவர்களும் குனிந்து பார்த்தார்கள். அங்கிருந்தபடியே வீட்டுக்குப் பேசினாள்.

"எங்கம்மா உக்காந்திருக்க?" என்றார் அப்பா.

"பேச்சுவார்த்தை மேசைக்குக் கீழப்பா."

"கீழயா? நல்ல எடம்தான். மேசை எப்படி?"

"ஒரு விரக்கடை உயரம்."

"எவன் செஞ்சானோ. நம்மகிட்ட சொல்லியிருக்கலாம்."

பின்னாலிருந்து சித்தப்பாவின் குரல் கேட்டது. "அண்ணே, அப்படிச் சொல்லாத. நாற்காலி தாழ்வா இருக்கும்."

"நாற்காலி சரியாத்தான் இருக்கும்டா. மேசைதான் உயரம்."

"இல்லண்ணே, நாற்காலிதான்..."

ஐநா தொலைபேசியை வைத்துவிட்டு, அளவுநாடாவை இழுத்தாள்.