தாள் பறக்காமலிருக்க வைத்த வெள்ளி

உலகப் பொருளாதார வரலாற்றை எழுத உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து பேனாவை எடுத்துக்கொள்ளவும். சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகலில், மருந்துக் கடைக்கும் சாவி வெட்டும் கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் அடகுக் கடையில், மனிதகுலம் இதுவரை கவனிக்கத் தவறிய ஒரு வெள்ளிப் புதையல் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் நிபுணர்.

நிபுணர் என்பது அவர் பெயரல்ல. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கும் அவருக்குச் சக ஊழியர்கள் வைத்தது. ஒருநாள் மின்விசிறி நின்றுபோனபோது அதன் உள்ளமைப்பைப் பற்றி அரைமணி நேரம் விளக்கினார். விளக்கி முடிக்கவும் மின்சாரம் வரவும் சரியாக இருந்தது. அந்தப் பெருமையை மின்வாரியத்துக்குப் பங்கு கொடுக்காமல் அவரே வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நிபுணர். கூப்பிட்டவர்கள் கேலியாகக் கூப்பிட்டார்கள். அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

அடகுக் கடைக்கு அவர் போனது புதையல் தேடியல்ல. அவருடைய மனைவி தையல்காரி. தன் கூலியில் வாங்கிய ஜோடி வளையலை, நிபுணரின் காளான் வளர்ப்புத் திட்டத்துக்காக அங்கே வைத்திருந்தாள். கட்டிலுக்கடியில் வளர்த்த காளான் முளைக்கவில்லை. குளியலறைச் சுவரில் யாரும் வளர்க்காத காளான் முளைத்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கைக்குக் கல்யாணம். மாதக்கணக்கில் ஊரார் துணியைத் தைத்துச் சேர்த்த பணத்தை எடுத்து அவர் சட்டைப்பையில் வைத்து, ஊசியும் குத்திவிட்டாள்.

"நேராப் போங்க, வளையலத் திருப்புங்க, நேரா வாங்க. வழியில யாருக்கும் எதையும் வெளக்காதீங்க. கல்யாணத்துல அத்தன பேரும் என் கையத்தான் பாப்பாங்க."

"இதெல்லாம் நீ சொல்லணுமா?" என்றார் நிபுணர். அவள் ஊசி சரியாகக் குத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

நேராகத்தான் போனார். ரசீதை நீட்டினார். கடைக்காரர் தீக்குச்சியால் காது குடைந்தபடி, "திருப்பறதுக்கா சார்?" என்று கேட்டுவிட்டு, மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து ரசீதுக் கட்டின் மேல் வைத்தார். மின்விசிறிக் காற்றில் படபடத்த தாள்கள் அடங்கின. நிபுணரின் கண் அங்கே போய் நின்றது. கரிபிடித்த பழைய நாணயங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. மேலே இருந்ததில் மீசை வைத்த ஒரு ராஜா முறைத்துக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"எது? அதா? தாள் பறக்குதுன்னு வச்சிருக்கேன் சார். யாரோ திருப்பாம விட்டுட்டுப் போன பழைய காசு."

நிபுணர் ஒன்றை எடுத்து நகத்தில் சுண்டிக் காதருகே பிடித்தார். கணீரென்றது. வாங்க நினைக்கிறவன் இந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொள்வான். நிபுணர் விளக்கினார். வெள்ளி ஏன் கறுக்கிறது, தகரம் ஏன் கறுக்காது, ஓசையை வைத்து உலோகத்தை எப்படி அறிவது என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். மூன்று தலைமுறையாக உரைகல்லில் தேய்த்தே ரேகை அழிந்த விரலை மூக்கின்மேல் வைத்து, கடைக்காரர் வியந்து கேட்டார்.

"நெசமாவா சார்! நான் தகரம்னுல்ல நெனச்சேன்."

"என்ன வெலைக்குக் குடுப்பீங்க?"

"தெரிஞ்சவங்க முன்னாடி நான் என்னத்தச் சொல்ல? நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நிபுணர் கண்ணை மூடி, உலகச் சந்தையை மனத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து ஒரு விலையைச் சொன்னார். அது அவர் சட்டைப்பையில் இருந்த பணத்துக்கு, பஸ் காசு போக, சரியாக இருந்தது தற்செயல்தான். கடைக்காரர் முகம் வாடியது. "என்னமோ சார், ஏமாளி நான். எடுத்துக்குங்க" என்றார். ஊசியைக் கழற்றும்போது நிபுணருக்கு அந்த மனிதர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

வீட்டில் மனைவி துணி வெட்டும் மேசைமீது நாணயங்களைக் கொட்டினார்.

"வளையல் எங்க?"

"அவசரப்படாத. இத நாளைக்கு நாணயக் கடையில வித்தா ரெண்டு மடங்கு. வளையலும் வரும், மேல ஒரு சங்கிலியும் வரும்."

"காளானும் வரும்னீங்க."

"காளான் உயிருள்ளது. செத்துப்போகும். வெள்ளி சாகுமா?"

அவள் அழவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தன் கையை ஒருமுறை அளந்தாள். நிபுணர் அதைக் கவனிக்கவில்லை, பற்பசையைத் தேடிக்கொண்டிருந்தார். விற்கப் போகிற பொருள் பளபளப்பாக இருக்கவேண்டும் என்பது அவருடைய வணிகக் கோட்பாடு. சாயங்காலம் முழுவதும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தார். கரி போயிற்று. கூடவே ராஜாவின் பாதி மீசையும் போயிற்று. நாணயங்கள் புது எவர்சில்வர் மாதிரி மின்னின.

மறுநாள் நாணயக் கடையில் இருந்தவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார்.

"அய்யய்யோ, யாரு சார் இதத் தேச்சது?"

"நான்தான்" என்றார் நிபுணர் அடக்கமாக.

"கருப்போட கொண்டாந்திருந்தா பழங்காசு. நீங்க போட்டதாவது வந்திருக்கும். இப்ப இது வெறும் வெள்ளி. எடைக்குத்தான்." சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அடகுக் கடையில வாங்கினீங்களோ? தாள் மேல வச்சிருந்தாரா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

அவர் பூதக்கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டார். பொறாமை என்று நிபுணர் முடிவுகட்டினார். நஷ்டத்துக்கு விற்கிறவன் முட்டாள், காத்திருக்கிறவன் முதலாளி. வெள்ளி ஏறும். அதுவரை அதை வைத்துப் பணம் வாங்கி வளையலைத் திருப்பிவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல் கையில் இருந்தது; மாங்காயும் கண்ணுக்குத் தெரிந்தது. பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் நடந்தே அடகுக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் பளபளக்கும் நாணயங்களை உரைகல்லில் உரசினார். "அருமையான வெள்ளி சார்" என்றார், பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல. அடகுக்குப் பாதி விலைதான் என்றார்.

"பாதியா? சரி, அதுல ஒரு வளையலக் குடுங்க."

"ஜோடியா வச்சத ஜோடியாத்தான் சார் எடுக்கணும். வேணும்னா, வளையல் வட்டி ரொம்ப நிக்குது, இதுல கழிச்சுக்கறேன். உங்களுக்கும் பாரம் கொறையும்."

பாரம் குறைவது நல்லதுதானே. நிபுணர் சம்மதித்தார். கைக்குக் காசு வரவில்லை. ரசீது மட்டும் இன்னொன்று வந்தது. அவர் படியிறங்கும்போது வேறொருவர் ரசீதை நீட்டியபடி உள்ளே வந்தார். "திருப்பறதுக்கா சார்?" என்று கேட்ட கடைக்காரர், இழுப்பறையைத் திறந்து, கரிபிடித்த நாணயங்கள் சிலவற்றை எடுத்துத் தாள்களின் மேல் வைத்தார். நிபுணருக்குப் பாவமாக இருந்தது. இவ்வளவு விளக்கியும் இந்த மனிதருக்கு இன்னும் வெள்ளி தெரியவில்லை. அடுத்த மாதம் பணம் சேர்ந்ததும் அந்தக் குவியலையும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் கல்யாணத்துக்கான அவள் சட்டை கொடியில் தொங்கியது. கைகள் இரண்டும் மணிக்கட்டைத் தாண்டி விரல் வேர் வரைக்கும் நீண்டிருந்தன. நுனியில் நான்கு பொத்தான்கள் வேறு. அவள் கடைசிப் பொத்தானைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் என்ன இருக்கிறது என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்த வெயிலுக்கு எதுக்கு முழுக்கை?" என்றார் நிபுணர். "அரைக்கைதான் காத்தோட்டம். துணியப் பத்தி ஒனக்கு நான் சொல்லித்தரணுமா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வளையல்களும் நாணயங்களும் அப்போது ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருந்தன.