சமாதான வாசனை

கிடத்தியிருந்தவரைச் சேர்க்காமல் கூடத்தில் நான்கு பேர். தலைமாட்டில் மடக்கு நாற்காலியில் அவருடைய தம்பி. கால்மாட்டில், சுவரோடு சாய்ந்து தரையில் மகள். வாசலை ஒட்டிய ஸ்டூலில் பீர் ஆலையின் மேஸ்திரி, மடியில் ஒரு நோட்டோடு. கிடந்தவரின் மனைவி மட்டும் எங்கே உட்காருவதென்று தெரியாமல் சாப்பாட்டு மேசையருகே நின்றுகொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, ஆலையில் மால்ட் என்னும் முளைகட்டிய பார்லியை வறுக்கும் உருளையின் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

மேஸ்திரி இரண்டு முறை செருமினார்.

"அண்ணி, கேக்கக் கூடாத நேரம்தான். முளைகட்டின பார்லி ஈரமா கிடக்கு. இன்னிக்கு வறுக்கலேன்னா புளிச்சுடும். புதுசா ஒருத்தரை வரவழைச்சிருக்கோம், அவருக்கு அண்ணன் நோட்டு புரியல."

"என்ன புரியல?"

"சூடு, நேரமெல்லாம் இருக்கு. கடைசி வரிதான். 'சமாதான வாசனை தட்டினதும் இறக்கு'ன்னு எழுதியிருக்கார்."

"எனக்கு அவர் போட்ட கடுதாசியே பாதி இன்னும் புரியல" என்றார் தம்பி.

"பீருக்குப் போற தானியத்துல நூத்துல அஞ்சு பங்குதான் அண்ணன் வறுக்கறது" என்றார் மேஸ்திரி. " ஆனா குடிக்கிறவங்க மூக்குல ஏறுறது அந்த அஞ்சுதான்."

"அம்மாவுக்குத் தெரியும்" என்றாள் மகள், தலை நிமிராமல்.

அந்த வீட்டில் சண்டைகள் பேசித் தீர்ந்ததில்லை. ஒருநாள் விடியலில் அவர் எழுந்து, வெறும் வாணலியில் ரொட்டித் துண்டுகளைப் போட்டுச் சர்க்கரை தூவுவார். மணம் எழுந்ததும் இவளும் எழுந்து போய் இரண்டு தட்டு எடுத்து வைப்பாள். அவ்வளவுதான். அந்த மணத்துக்குப் பெயர் வைத்தது மகள், நான்கு வயதில்.

"எழுதிக் குடுத்துடுங்க அண்ணி. வாயால சொன்னா நான் பாதியைக் கொட்டிடுவேன். வாசல்ல நிக்கற ஆலை டிரைவர் எடுத்துட்டுப் போகட்டும், நான் இங்கேயே இருக்கேன்."

அவள் உட்கார்ந்தாள். தேதி போட்டாள். வரிசை எண் இட்டு எழுதினாள்.

1. முதலில் ஈரத் தானியத்தின் பச்சை வாசனை வரும்.

2. பிறகு பிஸ்கட் வாசனை.

3. அடுத்து ரொட்டி ஓரம் சிவக்கும் மணம், அடியில் தேன் போல ஒரு இனிப்பு. நோட்டில் சொல்லியிருப்பது இதையே.

4. காபி வாசனை வந்துவிட்டால் தாண்டிப்போயிற்று என்று பொருள்.

பேனா நின்றது.

"என்னம்மா, மறந்துடுச்சா?" என்றாள் மகள்.

"இல்ல."

நேற்றுக் காலை ஆறு மணிக்கு அந்த மணம் கதவிடுக்கில் வந்தது. குளியலறைக் குழாயை மாற்றுவதில் தொடங்கிய சண்டையில், ஒன்பது நாளாக இருவருக்கும் பேச்சில்லை. விழித்துத்தான் இருந்தாள். இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மணம் காபியாயிற்று, கரியாயிற்று. வாணலியில் தண்ணீர் விழுந்து சீறியது. அப்புறம் வாசல் கதவு சாத்தும் சத்தம்.

சாப்பிடும்போதெல்லாம் அவர் சொல்லி அலுக்காத ஒன்றை ஐந்தாவதாக எழுதினாள்.

5. கீழே இறக்கிய பிறகும் தானியம் தன் சூட்டிலேயே வறுபடும். ஆகையால் மணம் முழுதாக வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. லேசாகத் தட்டியதுமே எழுந்துவிடவும்.

படித்துப் பார்த்தாள். 'எழுந்துவிடவும்' என்பதை அடித்து, 'இறக்கிவிடவும்' என்று மேலே எழுதினாள். மடித்து உறையிலிட்டு, ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

மேஸ்திரி அதை வாங்கிப் போய் டிரைவரிடம் கொடுத்தார். வண்டி கிளம்பியது.